அக்காவின் உருளைக்கிழங்குக்காரி

அந்தப் புத்தகத்தை நான் கனம் பார்த்துத்தான் வாங்கினேன். கவிதை என்றோ போலந்து என்றோ பார்க்கவில்லை. தென்காசியில் போட்டிருந்த புத்தகக் கண்காட்சியில் ஒவ்வொரு புத்தகமாக ஒற்றைக் கையில் தூக்கி, அதே கையின் பெருவிரலால் பக்கத்தைத் தள்ள முடிகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய் பொறுக்குகிறவனைப் பார்ப்பதுபோல் கடைக்காரர் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மெலிசான அட்டை, உள்ளே பாதிப் பக்கம் வெள்ளை. எடை இல்லை.

காரணம் அக்கா. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ஊசி ஏற்றிவிட்டால் இறக்குகிறவரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. நாலு மணி நேரம் மேலே சுற்றுகிற மின்விசிறியை எத்தனை தடவை பார்ப்பது? தொடர்கதைகளை விழுங்கி வளர்ந்தவள் அவள். "ஒத்தக் கையால புடிக்க மாதிரி ஏதாவது வாங்கிட்டு வாலே. நீ கொண்டு வாரதெல்லாம் செங்கல்லால்லா இருக்கு" என்று சொல்லியிருந்தாள். அதனால்தான் அந்தத் தராசு வேலை.

என்னிடம் இருக்கும் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று போனேன். எனக்குச் சர்க்கரை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என்னையே பத்திரமாக இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா சிறு வயதிலேயே தாலி இழந்து, பிள்ளை இல்லாமல், குத்துக்கல்வலசை வீட்டுக்குத் திரும்பி வந்தவள். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பண்ணாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, தள்ளிப்போட்டே தலை நரைத்துவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் போய்விட்டால் எனக்கு ஆள் கிடையாது. இதை நான் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

எனக்கு இன்னொரு வேலை உண்டு. அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற நேரம் போக, இரங்கல் கவிதை எழுதுவேன். ஊரில் யார் செத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் நிற்க வேண்டும். நடுவில் சிரிக்கிற படம், ஒரு பக்கம் தோற்றம், ஒரு பக்கம் மறைவு, கீழே இரண்டு வரிக் கவிதை, அதற்குக் கீழே "கண்ணீருடன்" என்று போட்டுச் சொந்தபந்தங்களின் பெயர்கள். கல்லூரியில் நான் கவிதை எழுதிய பாவத்துக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் பிளெக்ஸ் கடைக்காரர் அந்த இரண்டு வரிக்கு என்னைத்தான் கூப்பிடுவார். நானும் சளைக்காமல் எழுதினேன். என் தயவில் பாதித் தென்காசி வானத்தில் நட்சத்திரமாக மின்னிக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதி அணையா விளக்காக எரிகிறது.

அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரிப்பாள். "அந்த வட்டிக்காரன் அணையா வெளக்காலே? செத்தவனே எந்திரிச்சு வந்து உன்னை அடிப்பான்."

புத்தகத்தை அவள் இரண்டு நாள்தான் தானாகப் படித்தாள். பிறகு கண் கலங்குகிறது, எழுத்து ஆடுகிறது என்று என்னிடம் தள்ளிவிட்டாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். அதுவரை நானும் அந்தப் புத்தகத்தைத் திறந்திருக்கவில்லை. எழுதியவள் ஒரு பெண். இறந்துபோய்ச் சில காலம் ஆகியிருந்தது. பெயர் நாக்கில் ஏறவில்லை. இன்றைக்கும் அதைச் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியாது. போலிஷிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த கவிதைகள். இரண்டு பஸ் மாறி வந்த ஆளைப் போலக் கொஞ்சம் கசங்கித்தான் இருந்தன. இத்தனை கைமாறியும் என்ன மிஞ்சியிருக்கப்போகிறது என்ற இளக்காரத்தோடுதான் வாசித்தேன்.

மூன்றாவதோ நாலாவதோ கவிதை உருளைக்கிழங்கைப் பற்றியது. ஒருத்தி சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருக்கிறாள். சாவுச் செய்தி வருகிறது. யார் செத்தது என்று கவிதையில் இல்லை. அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. சீவிய கிழங்கை அப்படியே விட்டால் கறுத்துப்போகும் என்பதால் மிச்சத்தையும் சீவி முடிக்கிறாள். அவ்வளவுதான். நட்சத்திரம் இல்லை, விளக்கு இல்லை. வாசித்து முடித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று நானே முழித்தேன்.

அக்கா கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அத்தான் செத்த அன்னைக்கு நான் அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "ஆள் வந்து சொன்னான். நான் களைஞ்சு, கல் அரிச்சு, ஒலையில போட்டுட்டுத்தான் வெளிய வந்தேன். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லாமச் சோத்தப் பொங்குதா பாருன்னு மாமியா ஊரெல்லாம் சொன்னா. இந்தப் பொம்பளைக்கு அது தெரிஞ்சிருக்கு."

அவள் கணவர் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த அரிசிக் கதையை அவள் எனக்குச் சொன்னது அன்றுதான். நான் கேட்டதும் இல்லை.

அன்றிலிருந்து அந்தக் கவிஞருக்கு எங்கள் வீட்டில் உருளைக்கிழங்குக்காரி என்று பெயர். இதில் ஒரு கொடுமை, அக்கா உருளைக்கிழங்கு சாப்பிடக் கூடாது. பொட்டாசியம். இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, கீரை ஆகாது. "எனக்கு ஆகாதத வச்சே எழுதுதா பாரு" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பையில் துண்டு, ரிப்போர்ட், பிஸ்கட்டோடு "உருளைக்கிழங்குக்காரிய எடுத்து வச்சியா?" என்று கேட்பாள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வாத்தியார் ஒருவர், நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் உருளைக்கிழங்கு கொண்டுவருகிறோம் என்று நினைத்துப் பயந்துபோனார்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தண்ணீர். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஒரு நாளைக்கு இத்தனை மில்லிதான் என்று ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தோம். குழம்பு, காபி, மாத்திரைக்குக் குடிக்கிற வாய்த்தண்ணீர் எல்லாம் அதற்குள்தான். ஆனி ஆடியில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாரல் விடாது. ஓட்டில் தண்ணீர், மரத்தில் தண்ணீர், உலர்த்திய துணியில் தண்ணீர். அதற்கு நடுவில் என் அக்கா ஒரு சின்னப் பனிக்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்தச் சாரலின் மேலேயே கோபம் வந்தது. சீசன் ஆரம்பித்துவிட்டது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சீசனில் ஒரு நாள் குற்றாலம் போக வேண்டும் என்றாள். குளிக்க முடியாது என்று சொன்னேன். "குளிக்கதுக்கு இல்ல, பாக்கதுக்கு" என்றாள். ஆட்டோவில் கூட்டிப்போனேன். மெயினருவியில் கூட்டம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பளபளவென்று நிற்கிறவர்கள், ஈரத் துண்டோடு பஜ்ஜி தின்கிறவர்கள், விசில் ஊதும் போலீஸ்காரர். தள்ளி ஓர் இடத்தில் அவளை உட்காரவைத்தேன். காற்று திரும்பும்போதெல்லாம் தெறிப்பு வந்து முகத்தில் அடித்தது. அவள் துடைக்கவில்லை. மேலுதட்டில் இறங்கியதை நாக்கால் தொட்டாள்.

"ஏலே, இது கணக்குல சேருமா?"

சேராது என்றேன். "வேணும்னா இன்னும் கொஞ்ச நேரம் இரு" என்றேன்.

அங்கே உட்கார்ந்துதான் இன்னொரு கவிதையை வாசிக்கச் சொன்னாள். அருவிச் சத்தத்தில் கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு டிராம் நிறுத்தம். டிராம் என்றால் தெருவில் தண்டவாளம் போட்டு ஓடுகிற வண்டி என்று விளக்கினேன். அந்தத் தடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அது தெரியாமல் ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிறார். வழியில் போகிற பெண் அவரிடம் வந்து, வண்டி வராது என்று சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகவில்லை. அவளும் பக்கத்தில் நின்றுகொள்கிறாள். கடைசி இரண்டு வரி அதுதான். அந்த வரிகளை இங்கே எடுத்து எழுதப்போவதில்லை. அது மொழிபெயர்த்தவரின் உழைப்பு.

"வராதுன்னு சொன்னா பாத்தியா" என்றாள் அக்கா. "எல்லாவனும் எங்கிட்ட நல்ல காலம் வரும் வரும்ங்கான். நீயுந்தான்."

திரும்பி வரும்போது ரோட்டோரம் மங்குஸ்தான் பழம் குவித்து வைத்திருந்தார்கள். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஐப்பசியில் அவள் ரொம்பத் தளர்ந்துவிட்டாள். மிஷினில் போட்டால் பிரஷர் இறங்கியது. பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். ஒரு கவிதை, ஒரே ஒரு கவிதை, விடியும் என்றோ துளிர்க்கும் என்றோ சொல்லாதா என்று தேடினேன். கிடையாது. அந்த மகராசிக்கு அப்படி ஒரு வரி எழுத மனசு வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்கென்ன, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், இருக்கிறவளுக்கு ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனால் என்ன என்று அட்டைப்படத்தைப் பார்த்துத் திட்டினேன்.

பிறகு நானே உட்கார்ந்து எழுதினேன். அவளைப் போலவே, நட்சத்திரம் கிட்டத்தில் வராமல், ஜாக்கிரதையாக. பனி உருகுகிறது, பால்காரி படியேறி வருகிறாள், ஜன்னலில் ஒரு செடி துளிர்க்கிறது. துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஊசி ஏறியதும் புத்தகத்தைப் பார்த்தே வாசிக்கிறமாதிரி வாசித்தேன்.

அக்கா முழுதாகக் கேட்டாள்.

"இது அவ எழுதினதில்ல" என்றாள்.

"வேற யாரு எழுதினது? புஸ்தகத்துலதான் இருக்கு."

"இது நம்ம பிளெக்ஸ் கடையில எழுதினது." சிரிக்க முயன்றாள், மூச்சு வாங்கியது. "ஏலே, அவ ஒருத்திதான் எங்கிட்ட நெசம் பேசுதா. அவ வாயிலயும் போய் இதத் திணிக்கியே."

நான் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அழுகை வந்துவிட்டது. நர்ஸ் வந்து, என்ன அண்ணாச்சி, நீங்களே இப்படி இருந்தா எப்படி என்றாள். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஊசி இல்லாத கையால் என் முழங்கையைத் தட்டினாள். "எனக்குப் போஸ்டர் அடிக்கையில உன் கவிதையப் போட்டுராத. என்னைய நட்சத்திரமா ஆக்கிராத, சொல்லிட்டேன். அந்த வண்டி வராதுன்னு சொன்னால்லா, அந்த ரெண்டு வரியப் போடு."

"சும்மா கெட."

"போடுவியா, மாட்டியா?"

போடுகிறேன் என்றேன். வேறு எதைக் கேட்டாலும் செய்ய வழியில்லை. இது ஒன்றாவது முடிகிற காரியமாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், பல் தேய்க்க எழுந்தவள் திரும்பக் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள். நான் பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அதை மடித்து முடித்துவிட்டுத்தான் அவளைத் தொட்டேன்.

பிளெக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அந்த இரண்டு வரியையும் டைப் செய்தேன். இன்னொருத்தி எழுதியதை யாரோ எழுதியதுபோல் விடக் கூடாது என்று கீழே கவிஞரின் பெயரை முழுதாக, ஓர் எழுத்து விடாமல் போட்டேன். அதற்குக் கீழே என் பெயர். வேறு பெயர் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கடைக்காரர் எத்தனையோ வருஷமாகச் செய்கிறமாதிரியே செய்தார். கவிதை முடிந்த இடத்தில் "கண்ணீருடன்" என்று பெரிதாகப் போட்டு, அதற்குக் கீழே வந்த பெயர்களை வரிசையாக அடித்தார். எங்கள் ஊர் பிளெக்ஸில் கவிதைக்கு யாரும் பெயர் போட்டுப் பார்த்ததில்லை. எழுதின ஆள் என்று ஒருவர் இருப்பார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை காலம் எழுதிய நானே என் பெயரைப் போட்டதில்லையே. ஆக, என் அக்காவுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் என்று தெருமுனையில் இரண்டு பெயர்கள் நின்றன. முதலில் போலந்துக்காரி, அடுத்து நான்.

மற்ற வீடுகளில் இந்தப் பட்டியல் முழங்கால்வரை இறங்கும். பெயர் விட்டுப்போனால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. என் சித்தப்பா மகன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பிளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே வந்தார்.

"யாருலே இவ? எங்க பேரையெல்லாம் விட்டுட்டு வேதக்காரி பேரு மாதிரி ஒண்ணு கெடக்கு. உன் பேருக்கும் மேல?"

அவருக்கு வேதக்காரி என்றால் கிறிஸ்தவப் பெண். நான் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு விளக்கம் சொல்லத் தெம்பு இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

"போலந்துக்காரி" என்றேன். "அக்காவுக்கு வேண்டியவ. டயாலிசிஸ் இருந்த அன்னைக்கெல்லாம் கூட இருந்தா. நீங்க ஒரு நாள் எட்டிப் பாத்தீங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் நீர்மாலைக்குப் போனார்கள். சங்கு ஊதிக்கொண்டு குடங்களில் தண்ணீர் கொண்டுவந்து அவளைக் குளிப்பாட்டினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். தலையில், முகத்தில், உதட்டின் மேல். அளவு பார்க்க யாரும் இல்லை. நான் அங்கே நிற்க முடியாமல் பின்பக்கம் போய்விட்டேன்.

பிளெக்ஸில் எடுக்கிற நேரம் நாலு மணி என்று போட்டிருந்தது. நாலும் தாண்டியது. வண்டி வாசலில் நின்றது, பூமாலை கட்டியாகிவிட்டது, ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. மழை வேறு கூடிக்கொண்டு வந்தது. ஆண்கள் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து மணியைப் பார்ப்பதும் தெருமுனையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஆட்டோ ஒன்று திரும்பினால் எல்லாத் தலையும் திரும்பியது. ஐயர் வரவேண்டுமோ, வெட்டியான் சொல்லி அனுப்பவில்லையோ என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவும் மனம் இல்லை.

கடைசியில் சித்தப்பா மகன்தான் பக்கத்தில் வந்து குனிந்தார். காலையில் இருந்த முறைப்பு இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, அந்த அம்மா எதுவரைக்கும் வந்துருக்காங்க? திருவனந்தபுரத்துல எறங்கிட்டாங்களா? தூரத்துல இருந்து வாராங்க, முகம் பாக்கட்டும்னு நான்தான் எல்லாரையும் இருக்கச் சொன்னேன். இருட்டுதுக்குள்ள வந்துருவாங்கள்லா?"

நான் தெருமுனையைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த திசையில் நானும் ஒரு நிமிஷம் பார்த்தேன். நனைந்த நாய் ஒன்று ரோட்டைக் கடந்துபோனது.

"அவங்க வரமாட்டாங்கண்ணே" என்றேன்.

"அப்ப வேற யாரும் வரணுமா?"

"யாரும் இல்ல. எடுங்க."